580 என்று சொல்லி விற்ற கார்டும், செய்யாத ஓவர்க்ளாக்கிங்கும்: ரிச்சி ஸ்ட்ரீட் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஏழாயிரம், எட்டாயிரத்துக்கு "ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி" என்று யாராவது ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டை எடுத்து நீட்டினால், பணத்தை எடுக்கும் முன் அந்தக் கடை சிஸ்டத்திலேயே ஜிபியு-இசட்டை (கார்டின் விவரங்களைக் காட்டும் மென்பொருள்) திறக்கச் சொல்லுங்கள். அதில் 'ஷேடர்ஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும்; கார்டுக்குள் இருக்கும் குட்டிக் கணக்கிடும் அலகுகளின் எண்ணிக்கை அது. 2304 என்று காட்டினால் மேற்கொண்டு பேசலாம். 2048 என்று காட்டினால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது பெயர் மாற்றிய 570, அதாவது ஒரு படி கீழான கார்டு.

எனக்கு விற்றது 2048. கூடவே ஒரு எஸ்எம்பிஎஸ்ஸையும் (பவர் சப்ளை) தலையில் கட்டினார்கள். அதற்கும் மேல், பிராசசரை ஓவர்க்ளாக் செய்து (அதற்கென்று வைத்த வேகத்துக்கு மேல் ஓட வைத்து) தருகிறோம் என்று தனியாகக் காசு. மூன்றிலுமே ஏமாற்று. கடைப் பெயரைப் போடாததற்குக் காரணம், புகார் நிலுவையில் இருக்கிறது. தவிர, அந்தச் சந்தில் இந்தச் சரக்கை வைத்திருப்பது ஒரு கடை மட்டும் இல்லை.

என்னிடம் இருந்தது ரைசன் 5 2600 பிராசசர், ஏ320 மதர்போர்டு, 16 ஜிபி ரேம், ஜிடி 1030 கார்டு. படம் பார்க்க, எடிட்டிங் பழக எல்லாம் போதும். கேம் போட்டால்தான் 1030 திணறும். கையில் 12,000 ரூபாய்; அதற்குள் கார்டு, அது தாங்குகிற பவர் சப்ளை, மிச்சமிருந்தால் கொஞ்சம் வேகம். கடைக்காரர் போட்ட கணக்கு: கார்டு 7,500, 'அறுநூறு வாட்' எஸ்எம்பிஎஸ் 1,900, ஓவர்க்ளாக்கிங் சார்ஜ் 1,500. ஆக மொத்தம் 10,900.

"புல்டு பீஸ் ப்ரோ. ஒரு கேமர்கிட்ட இருந்து எடுத்தது. மைனிங் கார்டெல்லாம் நாங்க தொடுறதே இல்ல" என்றார். புல்டு பீஸ் என்றால் வேறொரு சிஸ்டத்திலிருந்து கழற்றியது; மைனிங் என்றால் கிரிப்டோ நாணயம் ஈட்டக் கார்டை ஓட்டுவது. ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளை ஓட்டிக் காட்டினார். கார்டு சூடானது, ஃபேன் சுற்றியது, சிஸ்டம் நிற்கவில்லை. ஆனால் ஃபர்மார்க் ஓடுவதால் சூடு தாங்குகிறது என்று மட்டும்தான் தெரியும். அது என்ன கார்டு, மெமரி எந்த நிலையில் இருக்கிறது என்பது அதில் தெரியாது. கடைகள் அதையே ஓட்டிக் காட்டுவதும் அதனால்தான்.

580 விஷயத்தில் நடப்பது இதுதான். 2017 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 580-ல் 2304 ஷேடர்கள். 2018 அக்டோபரில் சீனச் சந்தைக்கென்று 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்று ஒன்று வந்தது. பெயரில் 580 இருந்தாலும் ஷேடர் எண்ணிக்கை 570-க்கு உள்ள அதே 2048. அங்கே அது முழுப் பெயரோடு விற்ற பொருள். அதில் திருட்டு ஏதும் இல்லை. இங்கே வந்து சேரும்போது வாலை நறுக்கிவிட்டு வெறும் 580 ஆக்கிவிடுகிறார்கள். விலை மட்டும் முழு 580-ன் விலை.

இதன் மேல் மைனிங் சமாச்சாரம் வேறு. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், மைனிங் தேவைப்படாத 'ப்ரூஃப் ஆஃப் ஸ்டேக்' முறைக்கு மாறியதும், அதை மைன் செய்துகொண்டிருந்த கார்டுகளுக்கு அந்த வேலை போய்விட்டது. 8 ஜிபி 580-கள் மைனிங்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த கார்டு. அவை மூட்டை மூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடிய கார்டு எல்லாமே குப்பை என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் வாங்கலாம். மறைத்து விற்பதுதான் பிரச்சினை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கேம் போட்டதும் திரையில் அங்கங்கே புள்ளி புள்ளியாகப் பொரிந்தது. ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் 'ஜிபியு மெமரி எரர்ஸ்' என்று ஒரு வரி வரும்; அந்த எண் ஏறிக்கொண்டே போனது. டிரைவர் பழசாக இருக்கும் என்று ஏஎம்டி தளத்திலிருந்து புதிதாக இறக்கிப் போட்டேன். அவ்வளவுதான், கார்டு வேலை செய்வதையே நிறுத்திவிட்டது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், எரர் கோடு 43.

காரணம் பிறகுதான் விளங்கியது. மைனிங்காரர்கள் கார்டின் பயாஸையே, அதாவது அதை இயக்கும் அடிப்படை நிரலையே, மாற்றுவார்கள். கோர் வேகத்தைக் குறைத்து, மெமரி டைமிங்கை இறுக்கி எழுதினால் கரண்ட் கம்மி, வருமானம் அதிகம். அப்படி மாற்றிய பயாஸை ஏஎம்டி டிரைவர் ஏற்காது. ஏற்க வைக்க டிரைவரை ஒரு சின்ன பேட்ச் கருவியால் திருத்த வேண்டும். கடையில் 'நாங்களே டிரைவர் போட்டுத் தர்றோம்' என்று ஆர்வமாகச் செய்தது அதைத்தான். பேட்ச் செய்த டிரைவர் இருக்கும்வரை ஓடும். நாம் புது டிரைவர் போட்ட நாளில் குட்டு உடையும். அதற்குள் அவர்கள் சொல்லும் 'டெஸ்டிங் வாரண்டி' முடிந்திருக்கும்.

அடுத்த தெருவில் சிப் லெவல் சர்வீஸ் பார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். ஹீட்சிங்கைக் கழற்றிய உடனே, "தம்பி, இது ராத்திரி பகலா ஓடின கார்டு" என்றார். தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து போர்டெல்லாம் பிசுபிசுத்திருந்தது. ஒரு ஃபேனின் பேரிங் போய்விட்டது. அந்த மாடலுக்கு உரிய அசல் பயாஸை ஏற்றிக் கொடுத்தார். கோடு 43 போனது, புள்ளிகளும் போயின. 2048 மட்டும் 2048-ஆகவே இருக்கிறது. எந்த பயாஸ் போட்டாலும் இது 2304 ஆகாது.

எஸ்எம்பிஎஸ் கதை இன்னும் மோசம். கார்டு சரியான பிறகும் கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் சிஸ்டம் பட்டென்று ரீஸ்டார்ட் ஆனது. பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படித்துப் பாருங்கள், உங்களுடையதையும்தான். பெரிய எழுத்தில் 600 வாட். கீழே பொடி எழுத்தில் +12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். இன்றைய சிஸ்டத்தில் கார்டும் பிராசசரும் உறிஞ்சுவது கிட்டத்தட்ட எல்லாமே இந்த 12 வோல்ட்டில்தான். அசல் 580-ன் கணக்கு 185 வாட், ரைசன் 2600-ன் கணக்கு 65 வாட். கூட்டினாலே 250. அவர்கள் சொன்ன கார்டையே கொடுத்திருந்தாலும் இந்த டப்பாவால் அதை ஓட்டியிருக்க முடியாது. இவர்கள் கொடுத்த சின்னக் கார்டுக்கே மூச்சு முட்டுகிறது. 600 என்பது 3.3, 5 வோல்ட் எல்லாவற்றையும் கூட்டிப் பெருக்கிப் போட்ட எண்ணாகக்கூட இல்லை. நான் கூட்டிப் பார்த்தேன், வரவில்லை. பவர் சப்ளை வாங்கும்போது வாட்டைக் கேட்காதீர்கள், 12 வோல்ட் ஆம்பியரைக் கேளுங்கள்.

இனி அந்த 1,500 ரூபாய். வேறு யாருக்காவது நடந்திருந்தால் சிரித்திருப்பேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "பாருங்க ப்ரோ, 3.4-ல இருந்தது, 3.9 வரைக்கும் ஏத்திட்டோம்" என்றார்கள். 2600-ன் அடிப்படை வேகம் 3.4 கிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 3.9. அதாவது லேசான வேலையில் 3.9-ஐத் தொடுவது அந்த பிராசசர் பெட்டியிலிருந்து வரும்போதே செய்கிற வேலை. எல்லா கோர்களுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுத்தால் அந்த 3.9 நிற்காது, இறங்கிவிடும். சினிபெஞ்ச் என்ற சோதனையை ஓட்டினேன், இறங்கியது. இதைவிடப் பெரிய வேடிக்கை, ஏ320 சிப்செட்டில் பிராசசர் ஓவர்க்ளாக்கிங்குக்கு ஏஎம்டி இடமே கொடுக்கவில்லை. அதற்கு பி350, பி450 அல்லது எக்ஸ் வரிசை போர்டு வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தால் அவர்கள் மாற்றியிருந்தது ஒன்றே ஒன்று: விண்டோஸ் பவர் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கியிருந்தார்கள்.

இத்தனைக்கும் உண்மையிலேயே செய்யக்கூடிய ஒன்று அங்கேயே இருந்தது. என் ரேம் 3200 வேகத்துக்கு உரியது. மதர்போர்டு பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதற்குரிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போடாததால் 2400-ல் ஓடிக்கொண்டிருந்தது. ரைசனில் உள்ளே கோர்களை இணைக்கும் பாதையே ரேம் வேகத்தோடு சேர்ந்துதான் ஓடும் என்பதால், இதை மாற்றினால் கேமில் வித்தியாசம் தெரியும். காசு செலவில்லை, இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யவில்லை. நானே 2933-ல் வைத்து ஓட்டுகிறேன், நிலையாக இருக்கிறது.

கடைக்குத் திரும்பிப் போனபோது என்னை 'ப்ரோ' என்று கூப்பிடவில்லை. "சார், பழைய பொருளுக்கு டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான். நீங்க கார்டைப் பிரிச்சிருக்கீங்க, ஸ்டிக்கர் போயிருச்சு." பிரிப்பதற்கு முன்னால் எடுத்த ஜிபியு-இசட் படத்தைக் காட்டினேன். "580-னுதானே சார் பேர் காட்டுது?" என்றார். நல்ல கேள்விதான், விற்பவர் கேட்கக் கூடாத கேள்வி. கடைசியில் எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு 1,200 கொடுத்தார்.

பில் என்று தந்தது 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி எண் இல்லை, கார்டின் சீரியல் எண் இல்லை. பில் கேட்டதற்கு 18 சதவீதம் கூடுதலாகும் என்றார்கள். யுபிஐ பணம் போனதும் கடைப் பெயருக்கு இல்லை, ஒரு தனிநபர் கணக்குக்கு. ஆனாலும் அந்த யுபிஐ பதிவு, சீட்டில் அவர்கள் கையால் எழுதிய 'ஆர்எக்ஸ் 580', 2048 தெரியும் படம், மூன்றையும் வைத்து 1915-ல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் கொடுத்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் மதிப்பு 5 லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே மனு போடலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

இதே மாதிரி 'எஸ்டிமேட்' சீட்டு வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடாதீர்கள், ஒரு படம் எடுத்து வையுங்கள். மை சீக்கிரம் மங்கிவிடுகிறது. கடையிலிருந்தோ 1915-லிருந்தோ பதில் வந்தால் இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன்.