கடிவிசை அளக்க எது தோது: ஸ்ட்ரெயின் கேஜா, ஃபிலிம் சென்சாரா, இ.எம்.ஜி.யா?

பல்செட் வைத்தவர் "மரச்சீனிக்கிழங்கு இறங்குது, முந்திரிப்பருப்பு கடிக்க முடியல" என்று சொன்னால், குறை பலத்திலா, தாடையை அடக்கி ஆளுவதிலா என்று முதலில் பிரிக்க வேண்டும். கருவி வாங்கும்போது பலரும் கோட்டை விடுவது இதில்தான்.

பலம் அளக்க ஸ்ட்ரெயின் கேஜ் (வளைந்தால் மின்தடை மாறும் மெல்லிய பட்டை) ஒட்டிய எஃகுத் தகடுதான் நம்பகமானது. வளையும் இடத்தில் நான்கு கேஜ், அவற்றின் தடை மாற்றத்தை மின்னழுத்தமாக்கும் வீட்ஸ்டன் பாலம் என்ற இணைப்பு, அதைப் பெருக்கி எண்ணாக்கும் ஒரு ஹெச்எக்ஸ்711 சிப் போதும். பல் படும் இடத்திலேயே 5, 10, 20, 50 கிலோ எடைகளைத் தொங்கவிட்டு அளவு திருத்த வேண்டும். 50 கிலோ என்றால் 490 நியூட்டன். ஆரோக்கியமான கடைவாய்ப்பல் 300 முதல் 700 நியூட்டன் வரை தரும் என்பதால் 5 கிலோவோடு நிறுத்தினால் பயனில்லை. வாய்ச்சூட்டில் பூஜ்யம் நகரும். கடிக்காமல் ஒரு நிமிடம் வாயில் வைத்துவிட்டுப் பூஜ்யம் போடுங்கள். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் சாலிடர் முனைகள் பச்சை பிடிக்காமல் சிலிகான் பூச்சு கட்டாயம்.

இதன் குறை தடிமன். உறையோடு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் அளவுக்கு வரும். பாக்குப் பழக்கத்தால் வாய் இறுகிப்போனவர்களுக்கு அது நுழையாது. அங்கேதான் 0.2 மில்லிமீட்டர் ஃபிலிம் சென்சார் (அழுத்தினால் மின்தடை மாறும் மெல்லிய தாள்) கைகொடுக்கும். உணரும் வட்டத்தைவிடச் சற்றுச் சிறிய எஃகு வில்லையை மேலே வைக்காவிட்டால் பல்லின் மேடு வட்டத்துக்கு வெளியே விழுந்து விசை காணாமல்போகும். அளவு திருத்துமுன் உச்ச விசைக்குச் சற்று மேலே நாலைந்து முறை அழுத்திப் பழக்க வேண்டும். அழுத்தம் மாறாதபோதும் அளவு ஏறிக்கொண்டே போகும். கடி தொடங்கி எத்தனையாவது விநாடியில் குறிப்பது என்பதை எல்லோருக்கும் ஒன்றாக வைத்தால்தான் ஒப்பிடலாம். வாய் திறக்கும் அளவு மாறினால் தசையின் பலமும் மாறும். அதனால் தகட்டு அளவையும் ஃபிலிம் அளவையும் ஒரே அட்டவணையில் எழுதவே கூடாது.

இ.எம்.ஜி. என்பது தசையின் மின்துடிப்பைத் தோலின் மேலிருந்து பதிவது; அது நியூட்டன் சொல்லாது. கன்னத்தில் உள்ள மசீட்டர் என்ற மெல்லும் தசையின் இழைப் போக்கில் 20 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மின்முனைகள், 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வடிகட்டி. வியர்வையில் மின்முனை வழுக்கும். ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்தபின் ஒட்டுங்கள். மறுபடி ஒட்டினால் எண் மாறும் என்பதால், அன்றைய உச்சக் கடியின் சதவீதமாகவே எழுத வேண்டும். இடது வலது சமன், மெல்லும் தாளம் பார்க்க இதற்கு ஈடில்லை.

கட்டுப்பாட்டுக்கு எளிய சோதனை: ஸ்ட்ரெயின் கேஜ் பொருத்திய சின்னத் தகட்டில் பாதி நிலக்கடலை. முன்பற்களால் நழுவாமல் பிடித்து, நாலு விநாடி கழித்து உடைக்கச் சொல்லுங்கள். சொந்தப் பல் இருப்பவர் பெரும்பாலும் 1 நியூட்டனுக்குக் கீழேயே பிடிப்பார். பல்லைச் சுற்றிய தசைநாரின் உணர்வு இல்லாததால் பல்செட், இம்பிளான்ட் வைத்தவர்கள் அதிகமாக அழுத்துவார்கள். இவ்வளவு மெல்லிய விசையில் ஃபிலிமை நம்ப முடியாது.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஸ்ட்ரெயின் கேஜ். மூன்று கடி, இடையில் ஒரு நிமிட ஓய்வு, அதிகமானதை எடுங்கள். வேர் சிகிச்சை செய்து கேப் போடாத பல்லில் மட்டும் உச்சக் கடி கேட்காதீர்கள், பிளந்துவிடலாம்.