அங்கோர் நுழைவுச்சீட்டு: ஒரு நாள் சீட்டு ஏன் நட்டம், மூன்று நாளில் எதைப் பார்ப்பது

கம்போடியாவின் அங்கோர் தொல்லியல் பூங்காவின் பரப்பளவு ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரில் பாதிக்கும் மேல். சாங்கி விமான நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம் என்பதால் சனி, ஞாயிறிலேயே "அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. முழுவதையும் யாராலும் பார்க்க முடியாது. எதைத் துணிந்து விடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால் சீட்டு வாங்குவது சுலபம்.

வெளிநாட்டவருக்கு மூன்று வகைச் சீட்டு: ஒரு நாளுக்கு 37 அமெரிக்க டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியதில்லை. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். ஏழு நாள் சீட்டுக்கு ஒரு மாத அவகாசம். நாள் கணக்கில் பார்த்தால் 37, சுமார் 21, சுமார் 10 டாலர். எங்கள் பரிந்துரை மூன்று நாள் சீட்டு. ஒரு நாள் சீட்டில் 25 டாலர் மிச்சம் பிடிக்கிறவர்கள் ஐந்து கோயில் வாசலில் படம் எடுத்துக்கொண்டு, ஒரு சிற்பத்தைக்கூட நின்று பார்க்காமல் திரும்புகிறார்கள். ஏழு நாள் சீட்டு விலையில் மலிவுதான். ஆனால் நான்கு நாள் விடுப்பில் வருகிறவருக்கு அது வீண்.

சீட்டை அங்கோர் எண்டர்பிரைஸ் நிறுவனத்தின் சீட்டு அலுவலகத்திலோ அதன் இணையத்தளத்திலோ மட்டும் வாங்குங்கள். கோயில் வாசலில் கிடைக்காது. சீட்டில் உங்கள் முகப்படம் இருக்கும், கோயிலுக்குக் கோயில் சரிபார்ப்பார்கள், வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது. தொலைந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். 12 வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசம், ஆனால் வயதைக் காட்டக் கடவுச்சீட்டு வேண்டும். பெரியவர்களின் கடவுச்சீட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு பிள்ளையுடையதை ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வருவது அடிக்கடி நடக்கும் தவறு. வந்திறங்கும் நாள் மாலை ஐந்து மணியளவில் சீட்டு வாங்கினால் அன்றைய சூரிய அஸ்தமனத்துக்கு உள்ளே விடுவார்கள். கணக்கு மறுநாளிலிருந்துதான் தொடங்கும்.

முதல் நாளை அங்கோர் வாட்டுக்கே கொடுங்கள். 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்குக் கட்டிய கோயில், மேற்கு நோக்கியது. காலை 5 மணிக்குத் திறக்கிறார்கள். கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழும் காட்சிக்காகக் கூட்டம் முழுவதும் இடப்பக்கக் குளக்கரையில் குவியும். வானம் மூடியிருந்தால் வெறும் சாம்பல் நிறம்தான். எப்படி இருந்தாலும் ஆறரை மணிக்கு மேல் அந்தக் கூட்டம் பசியாறக் கலைந்துவிடும். உள்ளே போக அதுதான் நேரம்.

இங்கே நம்மவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. கோயில் என்றதும் கால் தானாகப் பிரதட்சிணமாக நடக்கும். அங்கோர் வாட்டின் சிற்பப் பிராகாரம் அப்பிரதட்சிணமாகப் பார்ப்பதற்கு அமைந்தது. மேற்கு வாயிலில் நுழைந்து வலப்பக்கம் திரும்பி, சுவர் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். திரும்பியதும் வருவது குருசேத்திரம். கிட்டத்தட்ட 50 மீட்டர் நீளச் சுவர் முழுக்க ஒரே போர். கௌரவர் இடப்புறமிருந்தும் பாண்டவர் வலப்புறமிருந்தும் வந்து நடுவில் மோதுகிறார்கள். தொடக்கத்திலேயே மேலே நிமிர்ந்து பாருங்கள்: அம்புப் படுக்கையில் பீஷ்மர், சுற்றிலும் அவரைப் பார்க்க வந்தவர்கள். கூட்டமாக வருகிற பெரும்பாலோர் இதைக் கவனிக்காமலே கடக்கிறார்கள். தெற்குச் சுவரின் பிற்பாதியில் சொர்க்கமும் நரகமும், பல கைகளோடு வாகனத்தின் மேல் எமன். கிழக்குச் சுவரில் திரும்பியதும் பாற்கடல்: 92 அசுரர், 88 தேவர், நடுவில் மந்தர மலையை ஆமை தாங்க, விஷ்ணு மேற்பார்வை பார்க்கிறார். கீழே கடல் உயிர்கள், மலைக்கு அருகில் வந்தவை கடையும் வேகத்தில் துண்டு துண்டாகக் கிடக்கின்றன. கல்தச்சன் அதைக்கூட விடவில்லை.

வெளிச்சக் கணக்கும் முக்கியம். கிழக்குப் பிராகாரத்துக்குக் காலை வெயில் வரும், மேற்குக்குப் பிற்பகலில்தான். அதனால் பாற்கடலைக் காலையிலும், குருசேத்திரத்தையும் மேற்குச் சுவரின் வடபாதியில் உள்ள இலங்கைப் போரையும் மூன்று மணிக்கு மேல் இன்னொரு முறை வந்தும் பார்ப்பது நல்லது. ஒரே நாளில் இரண்டு முறை நுழையலாம், சீட்டில் தடையில்லை. நண்பகலில் அகழிப் பாலத்திலிருந்து பிராகாரம் வரை ஏறத்தாழ 600 மீட்டர், நிழலே இல்லாத நடை. அந்த நேரத்தைத் தூக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சித்தளமான பாக்கானுக்கு ஏறும் மரப்படி மிகச் செங்குத்து. கைப்பிடி உண்டு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். சால்வையைப் போர்த்திக்கொண்டால் போதாது என்று திருப்பி அனுப்புகிறார்கள், கைவைத்த சட்டையே போட்டுக்கொள்ளுங்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அனுமதியில்லை. பௌத்தப் புனித நாள்களில் பாக்கான் மூடியிருக்கும். மாதத்தில் சுமார் நான்கு நாள் அப்படி வரும். பயணத் தேதி முடிவானதும் ஹோட்டலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் பந்தேய் ஸ்ரே. பல தொகுப்புப் பயணங்களில் "தூரம்" என்று சொல்லி இதை வெட்டிவிடுகிறார்கள். தமிழ் வாசகருக்கு இதை விடுவது பெரிய இழப்பு என்பது எங்கள் உறுதியான கருத்து. பக்கத்து நகரமான சியம் ரீப்பிலிருந்து துக் துக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கி.பி. 967இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில், கட்டியவர் அரசர் அல்லர், யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர். உருவத்தில் நம் பேட்டைப் பிள்ளையார் கோயில் அளவுதான். இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தைச் செதுக்குவதுபோலச் செதுக்கியிருக்கிறார்கள். தென்புற நூலகம் என்று சொல்லப்படும் கட்டடத்தின் முகப்பில் ராவணன் கயிலையைத் தூக்குகிறான், விலங்குகள் சிதறி ஓடுகின்றன, பார்வதி அஞ்சிச் சிவனைப் பற்றுகிறாள். சம்பந்தர் பதிகங்களின் எட்டாம் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அதே காட்சி. கிழக்குக் கோபுர முகப்பில் பல கைகளோடு ஆடும் சிவன்; அவன் காலடிக்கு ஒரு பக்கம் எலும்பும் தோலுமாக அமர்ந்திருக்கும் பெண்ணைக் காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள். வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை, நீங்களே தேட வேண்டும்.

உள்முற்றத்தைக் கயிறு கட்டி அடைத்திருப்பதால் சிற்பங்களைச் சில மீட்டர் தள்ளி நின்றுதான் பார்க்க முடியும். சிறிய தொலைநோக்கி ஒன்றைக் கொண்டுபோனால் பலன் தெரியும், கைப்பேசி ஜூம் ஓரளவுக்கே உதவும். கோயில் கிழக்கு பார்த்தது, ஆகவே காலையே நல்லது. பத்து மணிக்குப் பேருந்துகள் வந்துவிட்டால் குறுகிய வாயில்களில் நெரிசல்.

மூன்றாம் நாள் அங்கோர் தோம். ஏழாம் ஜெயவர்மனின் மதில் நகரம், பக்கத்துக்கு மூன்று கிலோமீட்டர். நடுவில் உள்ள பயோன் கோயிலின் கல் முகங்களுக்கே எல்லாரும் ஓடுகிறார்கள். அதன் வெளிச்சுற்றுச் சுவரில் சந்தை, சேவல் சண்டை, பிரசவம், சமையல் என்று அந்தக் காலத்து அன்றாட வாழ்க்கை இருக்கிறது, அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பக்கத்தில் பாபுவோன் கோயில். சீரமைப்புக்காகக் கலைத்து வைத்த சுமார் 3 லட்சம் கற்களின் குறிப்பேடுகள் உள்நாட்டுப் போரில் அழிந்துபோக, மறுபடி பொருத்தி முடிக்க 2011 வரை ஆனது.

மரவேர் கோயிலான தா ப்ரோம், கூட்டம் தாங்க முடிந்தால் போகலாம். ஏழரை மணிக்குத் திறந்தவுடன் போனால் ஒழிய, ஒரே வேருக்கு முன்னால் படம் எடுக்க வரிசையில் நிற்பீர்கள். புனோம் பாக்கெங் குன்று அஸ்தமனத்தை விட்டுவிடுங்கள். மேலே 300 பேருக்குத்தான் இடம், நான்கு மணிக்கே வரிசை. அஸ்தமனத்துக்குப் பிரே ரூப் கோயில் அதைவிட நிம்மதி. குலேன் மலைக்கு இந்தச் சீட்டு செல்லாது, தனிக் கட்டணம்.

எப்போது போவது? நவம்பர், டிசம்பர் பள்ளி விடுமுறை வானிலைக்கு நல்லது, கூட்டத்துக்குக் கெட்டது. மார்ச் விடுமுறையில் வெயில் 35 டிகிரியைத் தாண்டும், ஆனால் சம இரவு நாளையொட்டி சூரியன் அங்கோர் வாட்டின் நடுக்கோபுரத்துக்கு நேர்மேலே எழுவதும் அப்போது. செப்டம்பர் விடுமுறை மழைக்காலம். கல்லில் பாசி வழுக்கும், அகழி நிறைந்திருக்கும், ஆள் குறைவு. பிடிமானமுள்ள காலணி இருந்தால் எங்கள் ஓட்டு செப்டம்பருக்கு.

மற்றவை சுருக்கமாக. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகளும் வேலை அனுமதியில் இருப்பவர்களும் விசா எடுக்க வேண்டும். இணையவழி வருகைப் படிவம் இலவசம். கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. சியம் ரீப்பின் புதிய விமான நிலையம் 2023 அக்டோபரில் திறந்தது, நகரத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பதைத் திரும்பும் நாளில் மறக்காதீர்கள். 2025இல் தாய்லாந்து எல்லையில் மோதல் நடந்ததால் புறப்படும் முன் வெளியுறவு அமைச்சின் பயண அறிவிப்பைப் பாருங்கள். துக் துக் நாள் வாடகை 15 முதல் 20 டாலர், பந்தேய் ஸ்ரேக்குக் கூடுதல். விலையை ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ஓரம் கிழிந்த டாலர் நோட்டை யாரும் வாங்கமாட்டார்கள், சிங்கப்பூரில் மாற்றும்போதே புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் "காய்கறி மட்டும்" என்று சொன்னால் போதாது, மீன் சாறு வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.