அம்பிளிபயர் திருத்தும் கடை: மின்வழங்கல் பழுதை நம்பிக் கொடுக்கலாம்

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையொன்றில் பெயர்ப்பலகைகூட இல்லாமல் இயங்கும் சிறு திருத்தகத்தில், எங்கள் வீட்டுச் சான்சுயி அம்பிளிபயரைக் கொடுத்திருந்தேன். 1970களில் ஜப்பானில் செய்யப்பட்ட அந்தப் பெட்டி, 1990களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளை அலுமாரிக்கு மேலேயே கழித்தது. அண்மையில் மீண்டும் இயக்கியபோது இரு ஸ்பீக்கர்களிலும் எழுந்த இரைச்சலில் பாட்டே அமுங்கிப்போனது. முதலில் காட்டிய வேறொரு கடையில் மூடியைக்கூடக் கழற்றாமல் புதிதாக ஒன்று வாங்கச் சொல்லிவிட்டார்கள்.

இங்கே திருத்துநர் செய்த முதல் வேலை, ஒலியளவைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்ததுதான். இரைச்சல் சற்றும் குறையவில்லை. "வயரால வாறதெண்டால் இப்ப குறைஞ்சிருக்கும் அண்ணை, இது சப்ளையிலதான்" என்றார், அதாவது பழுது மின்வழங்கல் பகுதியில். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தை நான்கு டயோட்டுகள் நேரோட்டமாக்கும்போது அதில் 100 ஹேர்ட்ஸ் துடிப்பு எஞ்சுகிறது. மின்னைச் சேமித்து அதைச் சமன்செய்ய வேண்டிய பெரிய கப்பாசிற்றர்கள் வலுவிழந்தால் அத்துடிப்பு ஸ்பீக்கர்வரை போய்விடும்.

பின்னர் 100 வாற் இழை மின்குமிழொன்றைத் தொடராக இணைத்து ஆளியைப் போட்டார். குமிழ் பளிச்சிட்டு மங்கினால் பயமில்லை. பளிச்சென்றே நின்றால் டயோட்டோ ட்ரான்சிஸ்ரரோ குறுஞ்சுற்றாகியிருக்கும். எங்களுடையது மங்கியது. (இத்தகைய குமிழ்கள் கடைகளில் அருகிவிட்டதால், அவர் சிலவற்றைச் சேர்த்தே வைத்திருக்கிறார்.) குமிழை எடுத்துவிட்டு அளந்தபோது, 35 வோல்ற்று இருக்கவேண்டிய இடத்தில் 32தான் இருந்தது, மீற்றரை ஆடலோட்டத்துக்கு (ஏசி) மாற்றியபோது, சமன்செய்யப்படாத துடிப்பு இரண்டு வோல்ற்றுக்குச் சற்று மேல் காட்டியது. மின்னழுத்தமின்றி நெடுங்காலம் கிடந்தால் கப்பாசிற்றருக்குள் அலுமினியத் தகட்டின் ஒட்சைட்டுப் படலம் மெலியும், உள்ளிருக்கும் திரவமும் நாளடைவில் உலரும் என்று அவர் விளக்கியபோது, அலுமாரிக்கு மேலிருந்த ஆண்டுகளின் கணக்கு எனக்குப் புரிந்தது.

பழைய கப்பாசிற்றர்களில் எஞ்சியிருந்த மின்னை, பலர் செய்வதுபோலத் திருப்புளியால் தீப்பொறி பறக்க இறக்காமல், ரெசிஸ்ரர் ஒன்றின் வழியே மெதுவாக இறக்கினார். 6800 மைக்ரோபரட், 50 வோல்ற்று இருந்த இடத்தில் அதே கொள்ளளவில் 63 வோல்ற்று, 105 பாகை வெப்பம் வரை தாங்கும் வகையைப் போட்டார். 10,000 மைக்ரோபரட் போடலாமே என்று கேட்டதற்கு, ஆளியைப் போடும் கணத்தில் பழைய டயோட்டுகள் தாங்கவேண்டிய மின்னோட்டம் கூடிவிடும் என்று மறுத்துவிட்டார். சந்தையில் போலிகள் மலிந்திருப்பதால், புதியவற்றையும் ஒவ்வொன்றாக அளந்த பின்னரே ஈயம் வைத்தார். பின்புற மின்னழுத்தத் தெரிவி 220இல் இருந்ததை, நமது 230 வோல்ற்று இரவில் ஏறக்கூடும் என்பதால், 240க்கு மாற்றினார். இப்போது ஸ்பீக்கரில் காதை வைத்தால்தான் மெல்லிய ஒலி கேட்கிறது.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் பெட்டி கிடைக்கவில்லை, தொலைபேசியையும் எடுப்பதில்லை. எழுத்தில் பற்றுச்சீட்டு இல்லை. ஆனால் கழற்றிய பாகங்களைப் பையில் போட்டுத் தந்தார். புதிய கப்பாசிற்றர்கள் பழைய பிடிகளுக்குள் தளர்வாக இருந்ததால் பசையால் ஒட்டியிருக்கிறார்; சூடேறும் பெட்டிக்குள் அது எனக்குப் பிடிக்கவில்லை, பொருத்தமான பிடியே போட்டிருக்கலாம். கூலி நியாயமானது, செலவில் பெரும்பகுதி கப்பாசிற்றர்களுக்கே போனது. ட்ரான்சிஸ்ரருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு அம்பிளிபயர்களை இவர் ஏற்பதில்லை.