வாசலில் ஏற்றும் கனடாக் கொடி: 27-க்கு 54 அங்குல நைலான் கொடி வாங்கலாமா?

கனடா நாளான ஜூலை 1 நெருங்கிவிட்டால் டாலர் கடையிலிருந்து பெட்ரோல் நிலையம் வரை எங்கும் கனடாக் கொடிதான். அவற்றில் 3 அடிக்கு 5 அடி என்று எழுதியிருப்பதை வாங்காதீர்கள். அது அமெரிக்காவில் வழக்கமான அளவு. கனடாக் கொடியின் நீளம் அகலத்தைப்போல் சரியாக இரு மடங்கு. நடுவில் உள்ள வெள்ளை ஒரு முழுச் சதுரம். இருபுறச் சிவப்பும் அதில் பாதிப் பாதி. 5 அடிக்குள் அடக்கும்போது ஒன்று சதுரம் நெருக்கப்படும், அல்லது சிவப்பு மெலியும். இந்த வடிவத்துக்காக 1964-இல் நாடாளுமன்றம் மாதக்கணக்கில் விவாதித்து, டிசம்பர் 15 அதிகாலையில் 163-க்கு 78 என்று வாக்களித்தது. அதைச் சிதைத்துத் தொங்கவிடுவது வருத்தமான விஷயம்.

வீட்டுச் சுவரில் சாய்வாகப் பொருத்தும் 6 அடிக் கம்புக்கு ஏற்றது, 27-க்கு 54 அங்குலத் தைத்த நைலான் கொடி. கடையிலேயே அளவு நாடாவை வைத்துப் பாருங்கள்: சிவப்பு 13½, வெள்ளை 27, மறுபடி சிவப்பு 13½ அங்குலம் வர வேண்டும். இலைக்கு 11 முனைகள். முதலில் வரைந்ததில் அதற்கும் மேல் இருந்தன. காற்றில் படபடக்கும்போதும் இலை கலங்காமல் தெரிய வேண்டும் என்று குறைத்தார்கள். மலிவான அச்சுக் கொடிகளைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் வெளிறியிருக்கும். நல்ல கொடியில் இரு பக்கமும் ஒரே சிவப்பு.

இதைவிடப் பெரிதாக 3 அடிக்கு 6 அடி வாங்கத் தோன்றும். அது 20 அடி அளவிலான நேர்க் கம்பத்துக்கானது. சாய்ந்த கம்பில் கட்டினால், காற்று இல்லாத நேரத்தில் 6 அடித் துணியும் நேராகத் தொங்கிச் செடியிலும் படியிலும் உரசும்.

நைலானின் பலம் அதன் எடைக்குறைவு. இளங்காற்றிலேயே விரிந்துவிடும், மழை நின்றதும் சீக்கிரம் உலரும். ஆனால் ஏரிக்கரையிலும் புல்வெளி மாகாணங்களின் திறந்தவெளியிலும் தாக்குப்பிடிக்காது. அங்கே இரட்டை இழைப் பாலியஸ்டர்தான். அது கனம் என்பதால் நல்ல காற்றடித்தால்தான் பறக்கும், ஆனாலும் கிழியத் தாமதமாகும். தெற்குப் பார்த்த சுவரில் எந்தத் துணியானாலும் சிவப்பு முதலில் ஆரஞ்சாகும்.

கிழிசல் எப்போதும் கம்புக்கு எதிர்ப்பக்க ஓரத்தில்தான் தொடங்கும். சாட்டை நுனிபோல் சொடுக்குவது அந்த ஓரம்தான். அங்கே குறைந்தது நான்கு வரிசைத் தையலும், மூலைகளில் குறுக்குத் தையலும் இருக்கிறதா என்று பாருங்கள். பிசிறு தெரிந்த அன்றே வெட்டி மடித்துத் தைத்தால் கொடி பிழைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் அங்குலம் போகும். 13½ அங்குலச் சிவப்பு 11½ ஆனதும் கண்ணுக்கே கோணலாகத் தெரியும். அதற்குமேல் தைக்காமல் புதியது வாங்குவதே முறை. உறைமழை எச்சரிக்கை வந்தால் இறக்கிவிடுங்கள். பனிக்கட்டி பிடித்த துணி மடிப்பில் விரிசல் விட்டுவிடும்.

இந்தக் கொடியின் பெரிய குறை, கம்பைச் சுற்றிக்கொள்வது. கொடியின் ஓரத்தில் உள்ள பித்தளை வளையங்களை நேரடியாகக் கம்பில் கட்டாமல், தானாகச் சுழலும் இரண்டு வளையங்களை வாங்கி அவற்றில் மாட்டினால் பெருமளவு தீரும். கம்பைப் பிடிக்கும் தாங்கியைச் சுவரின் வெளிப்புற வினைல் பலகையில் மட்டும் திருகாதீர்கள், பெருங்காற்றில் பிடுங்கிக்கொண்டு வரும். உள்ளிருக்கும் மரச்சட்டத்தைத் தேடித் திருகுங்கள்.

இரவில் இறக்க வேண்டியதில்லை, விளக்கும் கட்டாயமில்லை. சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் பார்ப்பவருக்கு இலையின் நுனி இடப்பக்கமும் காம்பு வலப்பக்கமும் இருக்க வேண்டும். பலரும் தவறுவது இதில்தான். உறைவிடப் பள்ளிகளில் இறந்த பழங்குடிக் குழந்தைகளுக்காக 2021-இல் மே இறுதியிலிருந்து நவம்பர் 7 வரை மத்திய அரசுக் கட்டடங்களில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. செப்டம்பர் 30 (உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான நாள்), நவம்பர் 11 (போர்வீரர் நினைவு நாள்) ஆகிய நாட்களிலும் நாடாளுமன்றத்தின் அமைதிக் கோபுரத்தில் அப்படித்தான். கயிறில்லாத சாய்ந்த கம்பில் அரைக்கம்பம் என்பது கிடையாது, பாதியில் கட்டிவைக்காதீர்கள். அந்த நாட்களை அனுசரிக்க விரும்பினால் கயிறுள்ள நேர்க் கம்பம் வேண்டும். அதிலும் முதலில் உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் அதே ஒழுங்கு.

அமைதிக் கோபுரத்தில் பறந்த கொடியை இலவசமாகக் கேட்டுப் பெறலாம் என்பது உண்மை. ஆனால் காத்திருப்போர் பட்டியல் 100 ஆண்டுகளைத் தாண்டி நீள்கிறது, அதை நம்பி வாசலை வெறுமையாக விடவேண்டாம்.

நைந்துபோன நைலானைக் கொளுத்தாதீர்கள். எரிப்பது பருத்தி, கம்பளிக் கொடிகளுக்கு உரிய முறை. நைலானை வீட்டுக்குள் வைத்து, ஒவ்வொரு துண்டும் ஒரே நிறமாகும்படி கிழியுங்கள்: சிவப்புப் பட்டைகள் தனி, வெள்ளை தனி, இலை தனி. எந்தத் துண்டும் கொடியை நினைவூட்டக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். துடைக்கும் துணியாகவோ வேறெதுவாகவோ பயன்படுத்த வேண்டாம்.