சத்து மாத்திரை டப்பாவுக்கு மார்க் போட்டேன், உள்ளே இருப்பதற்கு அல்ல

நாகர்கோவில் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. லீவுக்கு வருகிறவர்கள் பெட்டியைத் திறந்தால் சாக்லேட்டுக்கு அடியில் மீன் எண்ணெய் கேப்ஸ்யூலும் வைட்டமின் டப்பாவும் கண்டிப்பாக இருக்கும். (சாளை மீன் கிடைக்கிற கடலோரக் குளச்சல்காரனுக்கு இத்தாலியிலிருந்து மீன் எண்ணெய் வருவது தனிக் கூத்து.) கேப்ஸ்யூல் வேலை செய்கிறதா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். காலியான டப்பாவை என்ன செய்வது என்று அதன் மேலே ஏதாவது போட்டிருக்கிறதா, அதை வைத்துக்கொண்டு இங்கே ஏதாவது செய்ய முடியுமா, இதைத்தான் நான் பார்த்தேன். நாலு நாட்டு டப்பா இருந்தது, பிராண்ட் பெயர் வேண்டாம்.

முதல் இடம் இத்தாலிக்கு, 10-க்கு 8. அட்டைப்பெட்டியின் பின்பக்கம் ஒரு குட்டிக் கட்டம்: டப்பா எச்டிபிஇ 2, மூடி பிபி 5 (இரண்டும் பிளாஸ்டிக் வகைகள்), அட்டை பிஏபி 21 (காகித அட்டை), ஒவ்வொன்றுக்கும் நேரே பிளாஸ்டிக்கா காகிதமா என்று ஒரு சொல், கீழே உங்கள் உள்ளாட்சி அமைப்பின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி. 2023 ஜனவரி 1 முதல் அங்கே இது கட்டாயம், குறியீடுகள் 1997-லேயே ஐரோப்பிய ஆணையம் வகுத்தவை. எழுத்து எறும்பு சைஸ்தான், போன் கேமராவில் பெரிதாக்கினால்தான் வாசிக்க முடிகிறது, அதற்காக 2 மார்க் போச்சு. ஆனால் எந்தத் தொட்டியில் போடு என்பதற்கு முன்னால் இது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறது பாருங்கள், அது எந்த ஊரிலும் செல்லும். எங்கள் தெரு முனையில் பழைய சாமான் வாங்குகிற ஆக்கர் கடை அண்ணன் டப்பாவைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார், கட்டைவிரலால் ஒரு அமுக்கு, மூடியைத் திருகி ஒரு சாக்கில், டப்பாவை வேறொரு சாக்கில் எறிந்தார். அந்தக் கட்டத்தில் இருந்ததும் அதேதான்.

பிரான்ஸ் டப்பா அழகு. கையை விரித்து நிற்கிற மனித உருவமும் அம்புகளும் சேர்ந்த ட்ரிமான் முத்திரை, பக்கத்தில் பொட்டியும் டப்பாவும் மறுசுழற்சித் தொட்டிக்குள் போவதுபோல் படம். மொழியே தெரியாவிட்டாலும் புரியும். 2020-ல் வந்த குப்பைக் குறைப்புச் சட்டத்தின் பேரில் 2022 முதல் நடைமுறை. அதே சட்டம் பொருளின் மேல் ‘மக்கக்கூடியது’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று எழுதவும் தடை போட்டது, அதற்கு நான் எழுந்து நின்று கை தட்டுவேன். ஆனால் அந்தப் படத்தில் இருக்கிற தொட்டி நம் தெருவில் இல்லை. இங்கே வருகிற தூய்மைப் பணியாளர் அக்கா மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகத்தான் வாங்குவார். 6.

அமெரிக்க டப்பாதான் பெரிய ஏமாற்றம். எதற்கு எத்தனை மில்லிகிராம் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான், எந்த நோயையும் குணமாக்காது என்று பொறுப்புத் துறப்பும் உண்டு, குப்பைக்கு மட்டும் அடியில் ஒரு முக்கோண அம்பும் நடுவில் 2-ம். அந்த எண் பிளாஸ்டிக் வகையைத்தான் காட்டும், மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் இல்லை. பார்க்கிறவன் அப்படித்தான் நினைப்பான், அதனால்தான் கலிபோர்னியா 2021-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது, மாநிலத்தில் உண்மையிலேயே சேகரித்து மறுசுழற்சி செய்யப்படாத பொருளுக்கு அந்த அம்பு கூடாது என்று. நாடு முழுக்க இருப்பது, பசுமை விளம்பரங்களுக்காக அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2012-ல் கடைசியாகத் திருத்திய வழிகாட்டிதான். 3.

சரி, நம்மூர் டப்பா. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண், மருந்தாகப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை, எல்லாம் பக்கா. சுற்றுச்சூழல் பக்கம் போனால் இபிஆர் (உற்பத்தியாளர் பொறுப்பு) பதிவு எண் என்று ஒன்று. 2022-ல் வந்த விதிப்படி கம்பெனிக்காரன் தான் சந்தையில் விட்ட பிளாஸ்டிக்குக்குப் பொறுப்பேற்கணும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதியணும். நல்ல விஷயம்தான், ஆனால் அந்த எண் அதிகாரிக்கும் கம்பெனிக்கும் நடுவில் உள்ள பேச்சு. டப்பாவைக் கையில் வைத்திருக்கிற எனக்கு அதில் ஒரு வார்த்தை கிடையாது. 2025 ஜூலையிலிருந்து இந்த விவரத்தை க்யூஆர் கோடிலும் கொடுக்கலாமாம், கண்ணாடி போட்டும் தெரியாத அம்மாவிடம் ஸ்கேன் பண்ணச் சொல்லலாம்! 4. இன்னொன்று, பச்சைப் புள்ளியைப் பார்த்து ‘பசுமை’ என்று நினைக்காதீர்கள். நம் சதுரத்துக்குள் இருக்கிற புள்ளி சைவம் என்பதற்கு. ஜெர்மனியில் பிறந்த, இரண்டு அம்பு சுற்றிக்கொண்டிருக்கிற பச்சை வட்டம், குப்பை சேகரிப்புக்குக் கம்பெனி பணம் கட்டியிருக்கிறது என்பதற்கு. மறுசுழற்சிக்கு இரண்டுமே சாட்சி இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே குப்பைப் பிரிப்பு லேபிள் வரப்போகிறது, 2025-ல் அமலுக்கு வந்த சட்டம், லேபிள் பகுதி 2028 ஆகஸ்டில். படமாகத்தான் வருமாம். பொருளின் பெயரையும் விடாமல் போட்டால் நமக்கும் உபயோகம்.

டப்பாக்குள் கிடக்கும், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்துக்கும் வாய் மூடியிருக்கும் அலுமினிய ஃபாயிலுக்கும் நாலு டப்பாவிலும் ஒரு வரி இல்லை. பொட்டலத்தில் ‘தின்னாதே’ மட்டும்தான். ஆக்கர் கடை அண்ணனும் எடுக்கமாட்டேன் என்கிறார், அதனால் இப்போதைக்கு அது மக்காத குப்பையில்தான் போகிறது.