ஜேபிஜியை வெக்டராக மாற்றித் தருவதாகச் சொல்லி 8,500 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்: திருப்பூர் பிரிண்டிங்காரர்கள் கவனம்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் சரி, போகட்டும் என்று விட்டுவிடத் தோன்றும். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

போனது 8,500 ரூபாய். பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு இது ஒரு தொகையே இல்லை. நானும் தம்பியும் நடத்துகிற மாதிரி சின்ன ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைக்கு ஒரு ஆர்டரில் நிற்கிற லாபம் மொத்தமும் இதுதான்.

காங்கேயம் பக்கம் ஒரு ரேக்ளா மாட்டுவண்டிக் குழு, பந்தயத்தன்று போட்டுக்கொள்ள டீஷர்ட் கேட்டிருந்தார்கள். நெஞ்சில் காங்கேயம் காளை, முதுகில் ஊர்ப் பெயரும் குழுவின் பெயரும், கையில் சின்னதாக ஒரு வண்டிச் சக்கரம். காளை அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கையால் வரைந்தது. வரைந்த தாள் இப்போது இல்லை. எப்போதோ போனில் எடுத்து வைத்த ஜேபிஜி ஒன்றுதான் மிச்சம், அகலம் 1,080 பிக்சல். நெஞ்சுப் பிரிண்ட் 12 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் 3,600 பிக்சல் வேண்டும். இருப்பதை இழுத்துப் பெரிதாக்கினால், படத்தில் இல்லாத கோடு புதிதாக வந்துவிடாது. அது போக, ஜேபிஜி என்பதே படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகப் படாத விவரங்களைக் கழித்துவிட்டுச் சேமிக்கிற முறை. போனில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. பெரிதாக்கினால் எழுத்தின் ஓரமெல்லாம் கொசு மொய்த்த மாதிரி இருக்கும்.

அதனால்தான் வெக்டர். அதில் கோடும் வளைவும் கணக்காகப் பதிந்திருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாது, நிறங்களைத் தனித்தனியாகப் பிரிக்கலாம். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (மை இறங்கும் வலைச் சட்டம்) என்று போகிற எங்கள் வேலைக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் கம்ப்யூட்டரே ஓரம் பிடித்துக் கோடு போடுகிற ஆட்டோ டிரேஸ் பட்டனைத் தட்டினால் வந்துவிடுகிற மாற்றம் இல்லை அது. ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு கோடாக வரைய வேண்டும். அந்த உழைப்புக்குத்தான் காசு.

ஊருக்குள்ளேயே ஒரு டிசைன் சென்டர். எந்த ஃபைலையும் எந்த ஃபார்மட்டுக்கும் மாற்றித் தருவதாக போர்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவர் படத்தைப் பார்த்த உடனே, "இதெல்லாம் ஆட்டோ டிரேஸ்ல போட்டா கொம்பு கோணிக்குமுங்கக்கா. கையிலதான் போடோணும். மூணு டிசைனும் சேர்த்து 8,500 ஆகும்" என்றார். நான் நம்பியது அந்த இடத்தில்தான். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வேலை தெரிந்த ஆள்தான் அப்படிப் பேசுவார். 5,000 அட்வான்ஸ் கொடுத்தேன்.

ஃபைல் வாங்கப் போன அன்று பெரிய மானிட்டரில் கோரல் என்கிற டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்து, சக்கரத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார். ஆரக்கால் ஒவ்வொன்றும் திரை முழுக்க வந்தும் ஓரம் துளி உடையவில்லை. "மத்ததும் இப்படித்தானுங்கக்கா, பாருங்க" என்று காளையைத் திறந்து, முழு உருவமாக ஒரு தடவை காட்டிவிட்டு மூடினார். பாக்கி 3,500-ஐயும் எண்ணிக் கொடுத்துவிட்டு பென்டிரைவோடு வந்தேன்.

ஸ்கிரீன் செய்ய டிசைனை ஃபிலிமில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. கொம்பின் நுனி படிக்கட்டு படிக்கட்டாக வந்திருக்கிறது. முதுகில் வரும் எழுத்தில் 'ம்' மேல் இருக்க வேண்டிய புள்ளி, எழுத்தோடு ஒட்டி ஒரு கறையாக நிற்கிறது. நிறம் பிரியவே இல்லை, ஓரமெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளி. ஃபிலிம் எடுக்கிற பையன் பென்டிரைவில் இருந்த இபிஎஸ் ஃபைலை இல்லஸ்ட்ரேட்டர் சாஃப்ட்வேரில் திறந்து, கோடுகளை மட்டும் காட்டுகிற அவுட்லைனுக்குப் போக கன்ட்ரோலையும் ஒய்-யையும் அழுத்தினான். வெக்டராக இருந்தால் கோடுகள் வரிசையாகத் தெரிய வேண்டும். காளை இருந்த இடத்தில் வெறும் செவ்வகம். நான் கொடுத்த அதே ஜேபிஜியை அப்படியே உள்ளே வைத்து, வெக்டருக்குப் பயன்படுகிற சிடிஆர், இபிஎஸ் ஃபைல்களாகச் சேமித்துக் கொடுத்திருக்கிறார்கள். முதுகு எழுத்தும் அப்படியே. அவர்கள் வரைந்தது அந்தச் சக்கரம் ஒன்றை மட்டும், எனக்குக் காட்டுவதற்காக. 8,500 ரூபாய்க்கு ஒரு சக்கரம்!

போன் போட்டேன். "ஃபைல் ஓப்பன் ஆகுதல்லங்க? அப்புறம் என்னங்க?" என்றார். நேரில் போனால் ஃபிலிம் எடுத்த மெஷின் சரியில்லை என்றார். அந்தச் செவ்வகத்தைக் காட்டினேன். உடனே பேச்சு மாறியது: டிசைன் போட்ட பையன் ஊருக்குப் போய்விட்டானாம், அமாவாசை கழித்துத்தான் வருவானாம். எனக்கு வயிறு எரிந்தது கடைசியாகச் சொன்னதைக் கேட்டுத்தான். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஃபைல் கன்வர்ஷன்னுதானுங்க போட்டிருக்குது. ஜேபிஜி சிடிஆர் ஆயிருச்சுல்ல, வேலை முடிஞ்சுதுங்க" என்கிறார். கையால் வரைய வேண்டும் என்று எனக்கே பாடம் எடுத்தவர் அவர்! பக்கத்தில் இருந்த இன்னொருவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. இப்போது போனை எடுப்பதில்லை. 8,500 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை. ஃபிலிமுக்கும் வீணாய்ப்போன ஸ்கிரீனுக்கும் ஆன செலவு தனி.

பில்லை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லப் போகிறேன். ஆர்டர் கொடுத்த பசங்களுக்கு என்ன பதில் சொல்வது? பெரியவர் காளையை அதே மாதிரி போட்டுத் தருவோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நேரமில்லை. இதையாவது செய்யுங்கள். ஃபைல் பெயரின் கடைசி மூன்று எழுத்தைப் பார்த்து நம்பாதீர்கள், சிடிஆர், இபிஎஸ், பிடிஎஃப் எதற்குள்ளும் ஜேபிஜியை ஒளித்து வைக்கலாம். எல்லா டிசைனையும் உங்கள் கண் முன்னால் திறந்து அவுட்லைனில் காட்டச் சொல்லுங்கள், ஒன்றைக் காட்டி மற்றதும் இப்படித்தான் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் 'கையால் வரைந்த வெக்டர்' என்று எழுதி வாங்குங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இன்னும் சுருக்கிவிடும், டாகுமென்ட்டாக அனுப்புங்கள். ஃபிலிம் கைக்கு வருகிற வரைக்கும் பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. பல்லடத்தில் தெரிந்தவர் ஒருவர் ராத்திரி உட்கார்ந்து காளையை வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றதை டீஷர்ட் போன பிறகு எழுதுகிறேன்.