கண்மாய்க் கரை ஏறும் ஜீப்புக்கு எந்த லிங்க்?

பழைய ஜீப்பில் கமான் பட்டையைக் (அடுக்குத் தகட்டு ஸ்பிரிங்கை) கழற்றிவிட்டு காயில் ஸ்பிரிங் போடலாம் என்று காரைக்குடிப் பக்கம் யாராவது கிளம்பினால், முதல் பேச்சே ஸ்பிரிங் எத்தனை இஞ்ச், ஷாக் எந்தக் கம்பெனி என்பதாகத்தான் இருக்கிறது. ஆக்ஸிலை (சக்கர அச்சை) சேஸோடு (வண்டிச் சட்டத்தோடு) பிணைக்கும் கம்பிதான் லிங்க். அதைப் பற்றிக் கடைசியில், வெல்டிங் பட்டறை வாசலில் நின்றுகொண்டு முடிவு செய்கிறார்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டும். காயில் ஸ்பிரிங் பாரத்தை மட்டும்தான் தாங்கும். ஆக்ஸில் முன்னே பின்னே போகாமல், பக்கவாட்டில் நகராமல், பிரேக் போட்டால் சுழன்றுவிடாமல் பிடிப்பதெல்லாம் லிங்க். கமான் பட்டை இரண்டு வேலையையும் சேர்த்தே பார்த்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றினால் இரண்டாவது வேலைக்கு ஆள் வேண்டும்.

நம்ம ஊர்த் தரையை மனதில் வைத்துத்தான் இந்த ஒப்பீடு. இங்கே மலையும் கிடையாது, வீடளவு பாறையும் கிடையாது. செம்பூராங்கல் சரளை, வெயில் காலத்தில் மாவாகப் பறக்கும் செம்மண், ஐப்பசி கார்த்திகையில் வண்டியை விழுங்கப் பார்க்கும் கண்மாய்ச் சேறு, அப்புறம் கண்மாய்க் கரை. கரையில் குறுக்கே ஏறும்போது முன்சக்கரம் ஒன்றும் பின்சக்கரம் ஒன்றும் எதிரெதிர் மூலையில் தொங்கும். ஆக்ஸில் எவ்வளவு சாயும் என்பது தெரிவது அந்த இடத்தில்தான்.

ஒரு சின்னக் கணக்கு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ஆக்ஸில் ஆறு விதமாக அசையலாம். அதில் மேலே கீழே போவதும், ஒரு பக்கமாகச் சாய்வதும் நமக்குத் தேவை. மீதி நான்கைத் தடுக்க வேண்டும். இரண்டு முனையிலும் சுழலும் ஜாயிண்ட் உள்ள ஒரு கம்பி ஓர் அசைவைத் தடுக்கும். ஆக, நான்கு கம்பி போதும். மூன்று லிங்க்கும், பக்கவாட்டு நகர்வைத் தடுக்கக் குறுக்கே போடும் ஒரு பேனார்டு கம்பியும் சேர்ந்தால் நான்கு. முக்கோணமாகச் சாய்த்துப் போட்ட நான்கு லிங்க் என்றாலும் நான்கு. ஐந்து கம்பி போட்டால் ஒன்று அதிகம். அந்த அதிகத்தைக் கம்பி முனையில் இருக்கும் ரப்பர் உருளையான புஷ் நசுங்கிக் கொடுத்துச் சமாளிக்கிறது.

முன்பக்கத்துக்கு இரண்டு போட்டியாளர்கள்: ரேடியஸ் ஆர்ம், மூன்று லிங்க். மாருதி ஜிம்னியைத் தூக்கி அடியில் பார்த்தால் ரேடியஸ் ஆர்ம் புரிந்துவிடும். பக்கத்துக்கு ஒரு தடித்த கை, ஆக்ஸிலோடு இரண்டு புஷ்ஷில் இறுகப் பிடித்திருக்கும், சேஸில் ஒரே ஒரு புஷ், குறுக்கே ஒரு பேனார்டு கம்பி. கம்பெனி இதையும் மூன்று லிங்க் என்றுதான் எழுதுகிறது. நான் சொல்லும் மூன்று லிங்க் வேறு. ரேடியஸ் ஆர்மில் பாகங்கள் குறைவு, பிரேக் போட்டால் மூக்கு குத்தாது, தார் ரோட்டில் அடக்கமாகப் போகும். ஆனால் ஆக்ஸில் சாயும்போது இடது கை ஒரு கோணத்திலும் வலது கை இன்னொரு கோணத்திலும் அதைத் திருகப் பார்க்கும். அந்த முறுக்கு முழுவதும் ஆக்ஸில் பக்கத்து நான்கு புஷ்ஷில் விழும். கொஞ்ச நாள் கரை ஏறி இறங்கிய வண்டியில் அந்த ரப்பரை விரலால் தள்ளிப் பாருங்கள்: உள் குழாயை ஒட்டிப் பிறைபோல ஒரு விரிசல், அதற்குள் செம்மண் ஏறியிருக்கும்.

இன்னொன்று, உயரம். 900 மில்லிமீட்டர் நீளக் கை உள்ள வண்டியை 75 மில்லிமீட்டர் தூக்கினால் ஆக்ஸில் கிட்டத்தட்ட 5 டிகிரி சுழல்கிறது, காஸ்டர் (ஸ்டியரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) அவ்வளவும் குறைகிறது. ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது, திருச்சி சாலையில் 80-இல் போனால் வண்டி அலையும். வெறும் ஸ்பிரிங்கை மாற்றி உயரம் ஏற்றுபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். ஓட்டை நடுவில் இல்லாமல் தள்ளி இருக்கும் ஆஃப்செட் புஷ்ஷோ, வெட்டித் திருத்திய கையோ போட்டால்தான் சரியாகும்.

மூன்று லிங்க்கில் கீழே இரண்டு, மேலே ஒன்று, குறுக்கே பேனார்டு. இது தாராளமாகச் சாயும், எந்தப் புஷ்ஷையும் திருகாது. மேல் லிங்க்கின் நீளத்தை மாற்றிக் காஸ்டரை வைத்துக்கொள்ளலாம். விலை என்ன? பிரேக் போடும்போது ஆக்ஸில் சுழலப் பார்க்கும் விசை முழுவதையும் அந்த ஒற்றை மேல் லிங்க்தான் தாங்குகிறது. அந்த போல்ட் போனால் பிரேக் போட்ட இடத்திலேயே ஆக்ஸில் உருண்டுவிடும். மேல் லிங்க்கின் பிராக்கெட்டில் மட்டும் கஞ்சத்தனமே கூடாது: இரண்டு காதுக்கும் நடுவே ஜாயிண்ட், 10.9 கிரேடு போல்ட், சேஸ் பக்கம் தகட்டு வலுவூட்டல்.

மேல் லிங்க்குக்கும் கீழ் லிங்க்குக்கும் ஆக்ஸிலில் உள்ள இடைவெளி குறையக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கீழ் லிங்க் தரையிலிருந்து 320 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, இடைவெளி 200 என்று வையுங்கள். சக்கரம் தரையில் தரும் விசையைப் போல 1.6 மடங்கு மேல் லிங்க்கிலும், 2.6 மடங்கு கீழ் லிங்க்குகளிலும் விழும். இடம் இல்லை என்று இடைவெளியை 130 ஆக்கினால் அது 2.5, 3.5 மடங்காக ஏறிவிடும். டயர் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு இடைவெளி என்பது பழகிய விதி. 31 இஞ்ச் டயருக்கு ஏறக்குறைய எட்டு இஞ்ச்.

பேனார்டு கம்பி, ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்குக்கு இணையாக, முடிந்தவரை அதே நீளத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் கையில் இழுக்கும். கிடையாக இருக்கிற 900 மில்லிமீட்டர் கம்பி, ஆக்ஸில் 100 மில்லிமீட்டர் அசைந்தால் பக்கவாட்டில் ஐந்தரை மில்லிமீட்டர்தான் தள்ளும். வண்டியைத் தூக்கியதில் அந்தக் கம்பி ஏற்கெனவே 100 மில்லிமீட்டர் சரிந்து நின்றால், அடுத்த 100-க்குள் 17 மில்லிமீட்டர் தள்ளிவிடும். அப்புறம் இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க வரைபடங்கள் இடது பக்க ஸ்டியரிங்குக்கு வரைந்தவை. நம்ம வண்டியில் ஸ்டியரிங் பெட்டி வலப்பக்கம். பேனார்டின் சேஸ் முனை வலப்பக்கமும் ஆக்ஸில் முனை இடப்பக்கமும் வர வேண்டும். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பாமல் அப்படியே பட்டறையில் கொடுத்தால், டிராக் லிங்க் ஒரு பக்கமும் பேனார்டு எதிர்ப் பக்கமும் சரிந்து நிற்கும்.

முன்பக்கத்துக்கு என் தேர்வு மூன்று லிங்க். ஸ்டியரிங் இருக்கிற முன் ஆக்ஸிலுக்குப் பேனார்டு வேண்டியதே, அதனால் முக்கோண நான்கு லிங்க்கை முன்னால் கொண்டுவர அவசியமில்லை.

பின்பக்கம் கதை வேறு. அங்கே போட்டி, பேனார்டு வைத்த ஐந்து லிங்க்குக்கும் முக்கோண நான்கு லிங்க்குக்கும். 2020-இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பில் பின்னால் ஐந்து லிங்க்தான். முன்னால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக அசையும் விஷ்போன். முக்கோண நான்கு லிங்க்கில் பேனார்டு இல்லை, ஆக்ஸில் நேராக மேலே கீழே போகும், சாய்வும் அதிகம். ஆனால் மேலும் கீழும் சேர்த்து முக்கோணக் கோணம் 40 டிகிரிக்கு மேல் கிடைக்க வேண்டும். பழைய ஜீப்பின் ஒடுங்கிய சேஸுக்குள் சைலன்சர், டேங்க், ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் ஒரே இடத்துக்குச் சண்டை போடும்போது அந்தக் கோணம் லேசில் கிடைக்காது. கோணம் குறைந்தால் பின்பக்கம் இடுப்பு ஆட்டும். தேங்காய் மூட்டையோடு அப்படி ஆடுகிற வண்டியை ஓட்ட யாருக்கும் பிடிக்காது. 40 டிகிரி கிடைத்தால் முக்கோணம், கிடைக்காவிட்டால் தயங்காமல் ஐந்து லிங்க். கொஞ்சம் சாய்வு குறையும், கரைக்கு அது போதும். தினமும் மூட்டை ஏற்றுகிற வண்டி என்றால் பின்னால் கமான் பட்டையே இருக்கட்டும்.

ஜாயிண்ட் விஷயத்தில்தான் நம்ம மண் தீர்ப்புச் சொல்கிறது. ராட் எண்ட் (கம்பி முனையில் இரும்புக் குண்டு வைத்த ஜாயிண்ட்) பார்க்க அழகு, படத்தில் எடுப்பு. அதற்கு மூடி கிடையாது. கிரீஸும் செம்மண் தூளும் சேர்ந்து குண்டைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் ஒரு களிம்பு படியும், அது எமரி போலத் தேய்க்கும். கையால் லிங்க்கை ஆட்டினாலே 'டொக்' என்று கேட்கும். சேறு வந்துவிட்டால் இன்னும் வேகம். பாலியூரிதேன் புஷ் சேற்றைத் தாங்கும், ஆனால் பக்கவாட்டுச் சாய்வைத் தாங்காது, கத்தும். சேஸ் முனையில் சாதாரண ரப்பர் புஷ், ஆக்ஸில் முனையில் கிரீஸ் நிப்பிளோடு பிரித்து மாற்றக்கூடிய உருண்டை ஜாயிண்ட்: செட்டிநாட்டுக்கு இதுவே பொருத்தம். லிங்க்குக்கு 45 மில்லிமீட்டருக்குக் குறையாத சீம்லெஸ் பைப், 6 மில்லிமீட்டர் கனம். கேட் செய்யும் பைப்பை நாடவே வேண்டாம்.

சட்டம் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இந்த வேலை தோட்டத்துக்குள் ஓடும் வண்டிக்கும், டிரெய்லரில் ஏற்றிப் போட்டிக்குக் கொண்டுபோகும் வண்டிக்கும்தான். ரோட்டிலும் ஓட வேண்டும் என்றால் ஜிம்னியோ தாரோ வாங்கி, கம்பெனி கொடுத்த லிங்க்கிலேயே விடுங்கள்.

வேலை ஆரம்பித்துவிட்டால் பிராக்கெட்டை முதலில் டாக் (புள்ளி வெல்டிங்) மட்டும் வையுங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியில் ஆக்ஸிலை முழுக்கத் தூக்கி இறக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்தும் பாருங்கள். பிரேக் ஹோஸ் இழுக்கிறதா, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் கழலுகிறதா, லிங்க் எங்காவது சேஸில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே முழு வெல்டிங். ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி நான்கு சக்கரத்திலும் நின்று தன் பாரத்தில் அமர்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். தொங்கவிட்டே இறுக்கினால் வண்டி தரைக்கு இறங்கிய நிமிடமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சீக்கிரம் கிழிந்துவிடும்.